ஸ்பீடு பிரேக்கர் அண்ணாச்சி

ஒரு அடிகூட நடக்காமல் ஒரு தெருவையே நடக்க வைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவரும் கோவில்பட்டியில், எங்கள் தெருவில், நடு ரோட்டில், ஈசிசேரில் சாய்ந்து கிடந்தார்.

பெயர் என்னவென்று எனக்குக் கடைசிவரை தெரியாது. மாவு மில் வைத்திருந்ததால் தெருவுக்கு அவர் மில்லு அண்ணாச்சி. லாரி டிரைவர்கள் வைத்த பெயர் ஸ்பீடு பிரேக்கர். திட்டுவதற்காக வைத்தது. அவரோ பட்டம் வாங்கியவர் மாதிரி பூரித்துப்போனார். சொந்த ஊர் எப்போதும்வென்றான். அந்த ஊரில் பிறந்த மற்றவர்கள் அதை வெறும் ஊர்ப்பெயராக வைத்துக்கொள்ள, இவர் மட்டும் தனக்கு இடப்பட்ட கட்டளையாக எடுத்துக்கொண்டுவிட்டார். யாரிடமும் தோற்க மாட்டார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. என் கணவருக்கு அரசாங்க உத்தியோகம், மாற்றலாகி வந்திருந்தோம். நான் ஒரு தீப்பெட்டி ஆபீசில் டைப்பிஸ்ட். தீப்பெட்டித் தொழிற்சாலையை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை தரையில் சம்மணம் போட்டு லேபிள் ஒட்டும் பெண்களும் “ஆபீசுக்குப் போயிட்டு வாரேன்” என்றுதான் கிளம்புவார்கள். ஆபீசுக்குரிய வேறு எந்த வசதியும் இல்லாவிட்டாலும் பெயராவது இருக்கட்டும் என்று யாரோ தாராள மனசுக்காரர் வைத்திருக்க வேண்டும்.

எங்கள் தெருவின் வசதிகளும் அதே ரகம்தான். மெயின் ரோட்டிலிருந்து, சரக்கு லாரிகள் புறப்படும் லாரி செட்டுக்கு அது குறுக்கு வழி. சாயங்காலமானால் தீப்பெட்டி பண்டல் ஏற்றிய லாரிகள் கரிசல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரிசையாகப் பறக்கும். தெருவிளக்குக் கம்பங்கள் இருந்தன, மாடு கட்ட உதவின. ‘சிறுவர் பூங்கா’ என்று நகராட்சி ஒரு போர்டு வைத்திருந்தது. போர்டுக்குக் கீழே பூட்டு. பூட்டுக்கு உள்ளே உடைந்த குப்பைத்தொட்டிகளும் துருப்பிடித்த குழாய்களும் நிம்மதியாக ஓய்வெடுத்தன. சிறுவர்கள் வெளியே நின்று, கம்பி வழியாகக் குப்பைத்தொட்டிகளைப் பார்த்துப் பொழுதுபோக்கலாம். அதற்குக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டாக்டர் இருந்தார். “சுகர் இருக்கு. தினமும் அரை மணி நேரம் நடங்க” என்று எங்கள் முதலாளிக்கும் சொன்னார், எங்கள் முதலாளியிடம் லேபிள் ஒட்டிய செண்பகத்துக்கும் சொன்னார். அந்த மட்டில் அவர் பெரிய சமத்துவவாதி. முதலாளி காரில் ஏறிப் போய், மெம்பர்களுக்கு மட்டுமே அனுமதியுள்ள ஒரு கிளப்பின் வேப்பமர நிழலில் நடந்துவிட்டு, மறுபடி காரில் ஏறி வந்தார். செண்பகம் எங்கள் தெருவில் நடந்தாள். சர்க்கரை வியாதிக்கு ஏழை, பணக்காரன் வித்தியாசம் தெரியவில்லை. நடக்கிற இடத்துக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

நடக்கத் தொடங்கிய வாரமே ஒரு லாரி உரசிக்கொண்டு போக, செண்பகம் சாக்கடையில் விழுந்தாள். சுகருக்காக நடந்தவளுக்குக் கையில் மாவுக்கட்டு. விழுந்தது மில்லுக்கு எதிரே. கோதுமை அரைக்க வந்திருந்த நானும் அண்ணாச்சியும்தான் ஓடிப்போய்த் தூக்கினோம். ஓடினேன் என்று சொல்ல வேண்டியது நான் மட்டும். அவர் மில் வாசலிலிருந்து கையை நீட்டினார், அவ்வளவு பக்கத்தில் விழுந்திருந்தாள். தூக்கும்போதே திட்டத் தொடங்கிவிட்டார்.

“ஏட்டி, உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா? லாரி வார ரோட்டுல எவளாவது நடப்பாளா?”

“வேற எங்கன நடக்கச் சொல்லுதீய அண்ணாச்சி? எங்க வீட்டுக்குள்ள ரெண்டு எட்டு வச்சா செவுரு இடிக்குது” என்றாள் செண்பகம், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு.

அண்ணாச்சி லாரி போன திசையைப் பார்த்தார். எப்போதும்வென்றான்காரர் தோற்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, மில்லுக்குள் கிடந்த தேக்கு ஈசிசேரைத் தரதரவென்று இழுத்து வந்து நடு ரோட்டில் போட்டுச் சாய்ந்துகொண்டார். அவர் உடம்புவாகைச் சொல்ல வேண்டும். அவர் சாய்ந்தால் இரண்டு பக்கமும் சைக்கிள் போகலாம், லாரி போகாது.

முதல் லாரி வந்தது. ஹாரன் அடித்தது. அண்ணாச்சி தாலாட்டுக் கேட்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். டிரைவர் இறங்கி வந்தார்.

“யோவ், எந்திரியும்யா! இது என்ன உம்ம வீட்டு முத்தமா?”

“ஆமாலே. நீ யாரு வீட்டுக்கு வந்திருக்க?”

“பண்டல் ஏத்திட்டு வாரேன், செட்டுக்குப் போவணும்.”

“மெயின் ரோடு வழியாப் போ.”

“அது சுத்துல்லா!”

“சுத்துனா ஒடம்புக்கு நல்லதுலே. டாக்டரே சொல்லியிருக்காரு.”

“ரோட்டுல படுக்கச் சொன்னாரா டாக்டரு?”

“நடக்கச் சொன்னாரு. இங்கன பொம்பளையாளுவ நடக்குதாவ. நான் மேற்பார்வை பாக்குதேன்.”

டிரைவர் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். ஒரு பெண்ணும் நடக்கவில்லை. அண்ணாச்சியும் அதை அப்போதுதான் கவனித்தார். முந்தின நாள் கலவரத்தில் விட்டுப்போன கோதுமை மாவை வாங்கிக்கொண்டு நான் மில் வாசலில் நின்றிருந்தேன்.

“டைப்பிஸ்டம்மா, என்ன வேடிக்கை? நடங்க!”

மாவுத் தூக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஏன் நடந்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கடைசி வீடுவரை போய்த் திரும்பியபோது லாரி பின்பக்கமாகவே உருண்டு மெயின் ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்த வாரத்துக்குள் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கையில் கட்டோடு செண்பகமும் வந்தாள். தினமும் ஐந்திலிருந்து ஏழுவரை தெரு எங்களுடையது. நடக்கத் தொடங்கியதும் எனக்கிருந்த ‘அம்மா’ பட்டம் பறிபோய், நானும் ‘ஏட்டி’ ஆனேன்.

சுதந்திரம் கிடைத்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். லாரிக்காரர்களிடமிருந்து எங்களை மீட்டு, அண்ணாச்சி தானே வைத்துக்கொண்டார்.

“ஏட்டி, நடக்கியா, பொண்ணு பாக்க வந்திருக்கியா? கைய வீசு!”

“அங்க ரெண்டு பேரு மாமியாளப் பத்திப் பேசுதாளுவ. பேசுனா மூச்சு வாங்கும். மாமியாள வீட்டுல வச்சுப் பேசிக்கிடுங்க!”

இத்தனைக்கும் அவருக்கும் சுகர்தான். அதே டாக்டர், அதே அரை மணி நேரம். இடுப்பு மடிப்பிலிருந்து கடலை மிட்டாயை எடுத்துக் கடித்துக்கொண்டேதான் எங்களுக்கு உபதேசம் நடக்கும். நான் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“இது வெல்லப்பாகுல செய்யுதது. இதுல சீனி எங்கன இருக்கு?” என்றார். மருத்துவ உலகம் யோசிக்க வேண்டிய கேள்வி.

எங்கள் ஊரில் பிள்ளைகள் நடை பழகும்போதே ஹாக்கி மட்டையோடுதான் பழகும். தெரு கிடைத்ததும் பையன்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பெண்பிள்ளைகள் வழக்கம்போல ஓரத்தில் நின்று பந்து பொறுக்கிப் போட்டார்கள். அண்ணாச்சி ஒரு வாரம் பார்த்தார். பிறகு உருண்டு வந்த பந்தைக் காலால் அமுக்கிக்கொண்டார்.

“ஏலே, மட்டைய அதுககிட்ட குடுங்கலே. ஆறு மணி வரைக்கும் பொட்டப்பிள்ளைய ஆடட்டும்.”

“அதுகளுக்கு ஆடத் தெரியாது அண்ணாச்சி!”

“உனக்கு மட்டும் தெரியுதா? அரை மணி நேரமா என் வயித்துலதான கோல் போடுத.”

தெரு முனையில் டீக்கடை வைத்திருந்த பாய்தான் இந்தப் போராட்டத்துக்கு முதல் ஆதரவாளர். மெயின் ரோட்டில் சுற்ற மனமில்லாத டிரைவர்கள் ஏழு மணிவரை அவர் கடையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். “நம்ம அண்ணாச்சி பெண்களுக்காகப் பாடுபடுதாரு. நாம துணை நிக்காண்டாமா?” என்று சொல்லிக்கொண்டே இன்னொரு பாய்லர் வாங்கிப் போட்டார்.

எங்கள் முதலாளிக்கு இப்படி எந்த லாபமும் இல்லை. பண்டல்கள் செட்டுக்குத் தாமதமாகப் போயின. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

“உங்க தெருக்காரர்தானாமே அவரு? எந்திரிக்கச் சொல்லுங்க. இல்லேன்னா பசை மாவ வேற மில்லுல அரைச்சுக்கிடுவோம்னு சொல்லிருங்க.”

லேபிள் ஒட்டும் பசைக்கு மாவு அரைத்துக் கொடுப்பதுதான் அண்ணாச்சியின் மில்லுக்குப் பெரிய வேலை. தெருவில் அரைக்கும் மிளகாயும் அரிசியும் சில்லறை. அவரிடம் போய்ச் சொன்னேன். கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

“ஏட்டி, உங்க முதலாளி எங்கன நடக்காவ?”

“கிளப்புல.”

“அதுக்குள்ள லாரி வருமா?”

“வராது.”

“இங்கனயும் வராதுன்னு போய்ச் சொல்லு.”

என் வேலையையும் நான் பார்க்க வேண்டுமே. “யோசிச்சுச் சொல்றேன்னார் சார்” என்று முதலாளியிடம் சொன்னேன். முதலாளி யோசிக்கவில்லை. அடுத்த வாரமே பசை மாவு வேறு மில்லுக்குப் போனது. பெரிய மெஷின் நின்றது. நான் மெதுவாக விசாரித்தேன்.

“சத்தம் இல்லாம நல்லாத் தூக்கம் வருதுட்டி” என்றார்.

“ராத்திரியெல்லாம் பாயில உருளுதாவ” என்றார் அவர் மனைவி, எனக்கு மட்டும் கேட்கும்படி.

இது எப்படியோ பெண்களுக்குத் தெரிந்துபோனது. எப்படியோ என்ன, நான்தான் சொன்னேன். அதன்பிறகு அடுத்தடுத்த தெருக்களிலிருந்தும் மிளகாய், கம்பு, கேப்பை என்று தூக்கிக்கொண்டு, வழியில் இருந்த மற்ற மில்களைத் தாண்டி இங்கே வந்து நின்றார்கள். இழந்ததற்கு அது ஈடாகவில்லை. ஆனால் மில் ஓடியது. மிளகாய் நெடியில் தெருவே தும்மியது. “எல்லாரும் ஒண்ணா வந்தா நான் எப்படிட்டி அரைக்க?” என்று வந்தவர்களையெல்லாம் அவர் திட்டித் தீர்த்தார்.

முதலாளி அடுத்துப் போலீசுக்குப் போனார். ஏட்டையா வந்தார். அவர் வருமுன் அவர் தொப்பை வந்தது.

“அண்ணாச்சி, போக்குவரத்துக்கு இடைஞ்சல்னு புகார் வந்திருக்கு. எந்திரிங்க, ஸ்டேஷனுக்குப் போவோம்.”

அண்ணாச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “போவோம். ஏட்டையா சுகர் பாத்தீயளா?”

“அதுக்கும் இதுக்கும் என்ன?”

“இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிவரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க. மூச்சு வாங்கலேன்னா நானே வந்து ஜீப்புல ஏறுதேன்.”

ஏட்டையா ரோஷக்காரர். போனார். திரும்பி வந்தபோது பேச்சு வரவில்லை. அண்ணாச்சி ஈசிசேர் கையிலிருந்த செம்புத் தண்ணீரை நீட்டினார். மறுநாளும் ஏட்டையா விசாரணைக்கு வந்தார். அதற்கு மறுநாளும். விசாரணை மாதக்கணக்கில் நடந்தது. முடிவில் ஏட்டையாவின் பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது, புகார் எங்கே போனது என்று தெரியவில்லை.

போலீசே நடக்கும் தெரு என்றதும் நகராட்சிக்குத் திடீரென்று எங்கள்மேல் அக்கறை பிறந்தது. மாலை ஐந்திலிருந்து ஏழுவரை கனரக வாகனங்களுக்குத் தடை என்று போர்டு வந்தது. கம்பங்களில் விளக்கு எரிந்தது, மாடுகள் மிரண்டன. பூங்காவைத் திறப்பதற்கு மேடை போட்டு, மைக் கட்டி விழா. மேடையை எங்கே போட்டார்கள்? நடு ரோட்டில்தான். அன்று பகல் முழுக்க லாரிகள் சுற்றித்தான் போயின. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று ஒருவரும் புகார் கொடுக்கவில்லை.

வார்டு கவுன்சிலர் தன் இரவு பகல் பாராத உழைப்பைப் பற்றி விரிவாகப் பேசினார். அண்ணாச்சியை மேடைக்கு யாரும் கூப்பிடவில்லை. ஐந்து மணி ஆனதும் மில் வாசலிலிருந்து அவர் குரல் மைக்கை மிஞ்சிக் கேட்டது.

“பேசுனது போதும், மேடையக் கழத்துங்க. பொம்பளையாளுவ நடக்கணும்!”

கூட்டம் சிரித்ததில் கவுன்சிலருக்கு அடுத்த வரி மறந்துவிட்டது. பூங்காவின் சாவி எங்கே என்று நகராட்சியில் யாருக்கும் தெரியாததால் பூட்டை உடைத்துத்தான் திறப்பு விழா நடந்தது.

போர்டு வந்த பிறகும் அண்ணாச்சி ஈசிசேரைப் போட்டார். “இனி எதுக்கு அண்ணாச்சி?” என்று கேட்டேன். “போர்டு எந்திரிச்சு வந்து லாரிய மறிக்குமா?” என்றார்.

சில வருஷங்களில் என் கணவருக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. வீட்டைக் காலி செய்த அன்று, மதியம் வர வேண்டிய சாமான் லாரி வழியில் எங்கோ டயர் வெடித்து, ஐந்தரை மணிக்குத் தெரு முனையில் வந்து நின்றது. அண்ணாச்சி கையைத் தூக்கிவிட்டார்.

என் கணவர் ஓடினார். “அண்ணாச்சி, இது எங்க லாரி. வீட்டுச் சாமான் ஏத்தணும்.”

“எல்லா லாரியும் ஏதாவது ஒரு சாமானைத்தான் ஏத்துது.”

“பொழுதோட மதுரை போய்ச் சேரணுமே!”

“மதுரை எங்கயும் ஓடிப்போயிராது. ஏழு மணிக்கு மேல உள்ள விடுதேன்.”

கணவர் என்னைப் பார்த்தார். நான் போனேன்.

“அண்ணாச்சி, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்...”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தெருவின் மறுகோடியைப் பார்த்தபடி, “ஏட்டி, இன்னிக்கு நீ இன்னும் நடக்கவே இல்லை” என்றார்.

செண்பகம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நடந்தோம். மாமியாரைப் பற்றி, புது ஊரைப் பற்றி, எதையெதையோ சத்தமாகப் பேசிக்கொண்டே நடந்தோம். ஒரு திட்டும் விழவில்லை.

ஏழு மணிக்கு அவர் லாரியை உள்ளே விட்டார். எட்டு மணிவரை பிடித்து வைத்திருந்தாலும் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன்.