ஆயிரத்து நானூறு மைலும் இரண்டு மைலும்

1954-ஆம் ஆண்டு தை மாதத்தோடு உலகத்தில் தூரம் என்பது ஒழிந்துவிட்டது. மணவாளக்குறிச்சிப் பக்கத்தில் நாங்கள் அதைத் தீர்மானமாகவே நிறைவேற்றினோம். டில்லியிலிருந்து திருவனந்தபுரம் ஆகாயவழியாக ஆயிரத்து நானூறு மைல்; நாகபுரியில் ஒரு முறை, சென்னையில் ஒரு முறை விமானம் மாறினால் ஒரே நாளில் வந்துவிடலாம். கணக்குப் போட்டவன் நான். பூகோள வாத்தியார் என்பதால் வரவேற்புக் கமிட்டியில் என்னை 'ஆகாயக் காரியதரிசி' ஆக்கியிருந்தார்கள்.

வரப்போகிறவர் லேசுப்பட்டவர் அல்ல. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர், கால்வாயின் கடைசியில் கிடக்கும் எங்கள் வயல்களுக்கு ஏன் வந்து சேர்வதில்லை என்று 'ஆராய' வரும் பெரிய அதிகாரி.

விமான நேரத்தை எதிலிருந்து எண்ணுவது என்று கமிட்டி மூன்று முறை கூடி விவாதித்தது.

"சக்கரம் தரையை விட்டதுலேர்ந்து எண்ணணும்," என்றார் தலைவர் சுயம்புலிங்கம். பலசரக்குக் கடைக்காரர்.

"அப்போ நாகபுரியில காப்பி குடிக்க நேரம்?" என்றேன்.

"அதைத் தனித் தீர்மானமா எழுதும் சாரே."

எழுதினேன். அப்போது பகவதியம்மாள் வாசலில் வந்து நின்றாள். அறுபது சென்ட் நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்து, மாசியில் அறுக்கும் கும்பப்பூ நெல் வைத்திருப்பவள்.

"நெல்லு கதிரு தள்ளி நிக்கி சாரே. நாலு நாளைக்குள்ள ஒரு நனைப்பு கிட்டலைன்னா பதராப் போவும். தண்ணி இரணியல் தாண்டியாச்சாம். எப்போ வரும்?"

"அது தரைவழி. என் இலாகா ஆகாயம்," என்றேன். கமிட்டி கைதட்டியது.

மறுநாளே தண்ணீர் இரண்டு மைல் பக்கத்தில் வந்துவிட்டது. அதுதான் வம்பு. அங்கே கால்வாய், சாலையின் குறுக்கே வழிந்து ஓடும். அதிகாரியின் காரும் அன்று அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

"கார் நனையப்பிடாது. சாயங்காலம் வரைக்கும் மேல் மதகு ஷட்டரை அடைச்சுப் போடுவோம்," என்றார் தலைவர். அடைத்தோம். வந்த தண்ணீர் ஓடை வழியாகக் கடலுக்குப் போயிற்று. ஷட்டரைத் திருகும் கைப்பிடி, பொறுப்பான ஆள் என்று என்னிடம் வந்தது.

டில்லியில் மூடுபனி, விமானம் தாமதம் என்று தந்தி வந்தது. மூன்றாம் நாள் பகவதியம்மாள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"ஒரு பகல் திறந்து விடும் சாரே. காரு வரும்போ அடைக்கலாம்."

"விமானம் எந்த நேரமும் வரலாம் அம்மா."

ஐந்தாம் நாள் அதிகாரி வந்தார். அதற்குள் எங்கள் முறைக்கு விட்ட தண்ணீர் முடிந்து அணையையே மூடியிருந்தார்கள். கார் நனையவில்லை. வெடித்துக் கிடந்த வயலைப் பார்த்து, தண்ணீர் வராதது உண்மை என்று எழுதிக்கொண்டார். காரணம் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"தூரம்," என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

பகவதியம்மாள் ஒரு பிடி கதிரை அறுத்து அவர் கையில் கொடுத்தாள். ஊர் மரியாதை என்று நினைத்து அவர் கும்பிட்டு வாங்கினார்.

"நசுக்கிப் பாரும் அய்யா. உள்ள ஒண்ணும் கெடையாது," என்றாள்.

அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க வேண்டியவனும் நான்தான். வாழ்த்துகிறாள் என்று சொன்னேன்.

அந்தப் பதர் ஒரே நாளில் டில்லி போய்ச் சேர்ந்தது. என் கணக்கில் பிழை இல்லை. கைப்பிடி இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மேசையிலிருந்து ஷட்டருக்கு இரண்டு மைல். நடந்தால் முக்கால் மணி நேரம். அந்த ஐந்து நாளில் நான் ஒரு முறைகூட நடக்கவில்லை.