கல்லைச் சுற்றி நூறு மீட்டர்

மட்டாஞ்சேரி,
ஆகஸ்ட் 2003

மரியாதைக்குரிய செல்லதுரை மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் மகா வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே கல் மிகவும் சௌகரியமாக இருக்கிறது. அங்கே அத்தையும் பிள்ளைகளும் அதே சௌகரியத்தோடு இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் கரண்டியும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு ரயிலேறுவதாகப் போனில் சொன்னீர்களாம். தயவுசெய்து ஏற வேண்டாம். ஜூன் மழையில் விழுந்த எங்கள் கக்கூஸைத் திரும்பக் கட்ட அரசாங்கம் விடாது. காரணம், வீட்டுக்குப் பின்னால் நிற்கிற கல். போன தடவை வந்தபோது உங்கள் வேட்டியைக் காயப்போட்டீர்களே, அதே கல்தான். அது வரலாற்றுக்கு முந்தியதாம், சட்டப்படி பாதுகாக்கப்பட்டதாம். அதைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதிதாக ஒரு செங்கல் வைத்தாலும் ஜெயில் என்று நீலப் பலகை நட்டிருக்கிறார்கள். பலகையை நடக் குழி தோண்டினார்கள். அது குற்றமில்லையாம்.

இதற்கெல்லாம் அம்மாதான் காரணம் என்கிறார் அப்பா. நாலு வருஷத்துக்கு முன்னால், அரிசிக் கிடங்குகளுக்கு லாரி போக வழியை அகலப்படுத்துகிறோம் என்று புல்டோசரோடு வந்தார்கள். அம்மா அவசர அவசரமாக அந்தக் கல்லில் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பழைய சிவப்பு ரவிக்கைத் துணியைச் சுற்றி, எலுமிச்சம்பழம் கிடைக்காததால் ஒரு தக்காளியை வைத்து, முன்னால் உட்கார்ந்துவிட்டாள். புல்டோசர் ஓட்டி வந்தவர் தென்காசிக்காரர். “எந்த சாமிம்மா?” என்று கேட்டார். “லாரி மறிச்ச மாடன்” என்றாள் அம்மா, கண்ணைச் சிமிட்டாமல். அவர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வீடு தப்பியது. ஆனால் சாமியைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அப்படி வந்த ஒரு பேராசிரியர் கல்லைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, கட்டுரையும் எழுதினார். அரசாணையில் “தொன்றுதொட்டு வழிபாடு நடைபெற்று வருவது” என்று போட்டிருக்கிறது. தொன்று என்பது 1999. மாமா, பி.ஏ. வரலாறு படித்ததற்காக அன்றுதான் முதல் தடவையாக வெட்கப்பட்டேன்.

அனுமதி கேட்டு தொல்லியல் ஆபீசுக்குப் போனேன். நான் போய் நின்றால் நிற்கிறேன் என்பதே யாருக்கும் தெரியாது, உங்களுக்குத் தெரியுமே. ஃபேனுக்கு அடியில் இருந்த அதிகாரி சாயாவைக் குடித்து முடித்து, கிளாஸையும் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்தா மோளே?” என்று மலையாளத்தில் கேட்டார். சொன்னேன். “ஒரு சுவரெங்கிலும் நிக்குன்னுண்டோ?” என்றார். இல்லை சார், முழுசும் விழுந்துடுச்சு என்றேன். “அய்யோ, கஷ்டமாயி!” அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம். ஒரு சுவர் நின்றிருந்தால் அது பழுதுபார்ப்பு, அனுமதிக்கலாமாம். நாலும் விழுந்ததால் அது புதுக் கட்டடமாம். வீட்டில் வந்து சொன்னேன். “முன்னாடியே சொல்லியிருந்தா மழையில போய் ஒண்ணையாவது தாங்கிப் பிடிச்சிருப்பேனே” என்றார் அப்பா. இந்த ஊர்ச் சாக்கடை ஓடைகளை இத்தனை வருஷமாக இறங்கிச் சுத்தம் செய்கிற நகராட்சித் தொழிலாளி அவர். ஊர் மொத்தமும் நிம்மதியாகப் போக வழி செய்துவிட்டு, தான் மட்டும் படகுத்துறைக் கட்டணக் கழிப்பறையில் வரிசையில் நிற்கிறார்.

சரி, சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதற்கும் விடவில்லை. சந்துக்கு அந்தப் பக்கம், பழைய மிளகுக் கிடங்கை இடித்து ஒரு முதலாளி மூன்று மாடி லாட்ஜ் கட்டுகிறார். நம் வீட்டு மாடி என்று ஒன்று இருந்தால் அங்கிருந்து எச்சில் துப்பினாலே அவர் வாசலில் விழும். அளக்க வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு நாடா நேராக, சுவரேறிக் குதித்து வந்தது. லாட்ஜுக்கு மட்டும் அது சந்தில் வளைந்து, பஜாரில் திரும்பி, சாயாக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, அப்புறம் போய்ச் சேர்ந்தது. நூறு மீட்டர் தாண்டிவிட்டதாம். எப்படித் தாண்டாமல் போகும்?

நடுவில் அகப்பட்டது அம்மா. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு படகுத்துறை வரை நடக்க முடியவில்லை, குத்தவைக்கவும் முடியவில்லை. பக்கத்து வீட்டு மூக்கம்மாள் சித்தியிடம்தான் போகிறாள். சித்தி நல்லவள், குரல்தான் கெட்டது. “வா மாயம்மா, காலையிலதானே வந்தே, மறுபடியுமா?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி வரவேற்கிறாள். அதனால் அம்மா இப்போது மத்தியானத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. ராத்திரிச் சோறும் வேண்டாம் என்கிறாள். எனக்குச் சிரிப்பு வராத இடம் இது ஒன்றுதான்.

பலகைத் திறப்பு விழாவுக்கு கவுன்சிலர் வந்தார். உலகமே திரும்பிப் பார்க்கும் இந்தக் கல்லுக்கு அருகில் வாழ்வதற்கு நீங்கள் பெருமைப்பட வேண்டும் என்றார். அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே கேட்டாள்: “பெருமைப்படுறோம் சார். பட்டுட்டு வெளிக்கு எங்க போறது?” கவுன்சிலர் உடனே தேசிய கீதம் பாடச் சொல்லிவிட்டார். அதற்கு மட்டும் அம்மா எழுந்து நின்றாள், முட்டியைப் பிடித்துக்கொண்டு.

ஆகையால் மாமா, வர வேண்டாம். வந்தால் உங்களையும் வேலிக்குள் வைத்துப் பாதுகாத்துவிடுவார்கள். அத்தைக்கு என் வணக்கம், குட்டிகளுக்கு முத்தம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். உங்கள் வீட்டுப் பக்கத்தில் எந்தக் கல்லையும் அவசரப்பட்டுக் கும்பிட வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
எந்தச் சட்டமும் பாதுகாக்காத,
மகா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஆபீஸ் ஜீப் வந்துவிட்டது. கல்லைப் பார்க்க வரப்போகும் வெள்ளைக்காரர்களுக்காக, கல்லுக்குப் பக்கத்திலேயே கழிப்பறை கட்டப் போகிறார்களாம். அவர்களே கட்டினால் சட்டம் தடுக்காதாம். எங்கள் பின்வாசலிலிருந்து அம்மா கைத்தடி இல்லாமலே போய்விடக்கூடிய தூரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள். காண்டிராக்டருக்குக் கொத்தனார் கிடைக்கவில்லை. “என் தம்பி இருக்கான் சார், ஞாயித்துக்கிழமை வந்துருவான்” என்று அம்மா சொல்லிவிட்டாள். கட்டி முடித்ததும் சாவியை யாரிடம் கொடுப்பது என்று அவர்கள் யோசிப்பதற்குள், மாடனுக்குப் பூசை பண்ணுகிறவள் என்ற முறையில் கையையும் நீட்டிவிட்டாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு உடனே ரயிலேறுங்கள். உட்காருகிற மாதிரிப் பீங்கான் வைக்கிறார்களாம். வெள்ளைக்காரன் உயரமெல்லாம் பார்க்க வேண்டாம், அம்மா முட்டிக்கு அளந்து வையுங்கள்.