வேட்டைத் தாடி விஷயமாக அக்காவுக்கு

அன்புள்ள அக்கா ஐலிக்கு,

தம்பி ரெய்னோ எழுதுவது. இங்கே எனக்கு ஓர் அநியாயம் நடந்திருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிப்பேன், பொறுத்துக்கொள். நான் தாடியை எடுக்காவிட்டால் வரும் திங்கட்கிழமை முதல் குழந்தை சைமாவைத் தேவாலயத்துக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிடுவதாக என் மகன் டேலும் மருமகள் கெல்சியும் சொல்லிவிட்டார்கள். அதுவும் என் வீட்டில், என் மேசையில், நான் உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடைத்துச் சுட்ட பேஸ்டியைத் தின்றுகொண்டே சொன்னார்கள். நாளை வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் காப்பகத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமாம்.

இப்போது கேட்கிறேன். நீ நலமா? எமில் அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்கள் கிரீன் பே ஊரில் பனி விழுந்துவிட்டதா? இங்கே நேற்றே தூவிவிட்டது. நான் நலம். தாடியும் நலம்.

உனக்கு நான் வழக்கத்தை விளக்க வேண்டியதில்லை. அக்டோபர் முதல் தேதி சவரக்கத்தியைச் சவுனா நீராவிக் குளியலறை அலமாரியில் வைத்துப் பூட்டினால், மான் வேட்டைப் பருவம் முடிகிற நவம்பர் முப்பதாம் தேதிதான் திறப்பது. அப்பா போட்ட சட்டம். பதினாறு வயதில் எனக்கு முளைத்தது ஏழு முடி. அந்த ஏழையும் அன்று முதல் காப்பாற்றி வருகிறேன். இது ஐம்பத்தாறாவது வருஷம். என் கல்யாணம் அக்டோபர் இருபதில் வந்தது, அப்போதும் எடுக்கவில்லை. படத்தில் வெர்னா முள்ளம்பன்றியின் பக்கத்தில் நிற்கிற மாதிரிதான் நின்றாள், ஆனால் சிரித்துக்கொண்டு நின்றாள். ஏணியிலிருந்து விழுந்து தாடை கிழிந்த வருஷம் டாக்டர் ஓர் அங்குலம் மட்டும் மழித்துத் தைத்தார். அதற்குமேல் நான் விடவில்லை.

கெல்சி ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் டேல் சாலை வேலைக்கும் காலை ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிடுகிறார்கள். ஆகஸ்ட் மாதம் அவர்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து மதியம் இரண்டு மணி வரை சைமா என் பொறுப்பு. இருபது மாதக் குழந்தை என்று நினைக்காதே, நம் அம்மாவின் பெயரை மட்டும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை, அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். எங்களுக்கு வேலைகள் இருக்கின்றன. அடித்தளத்தில் கொதிகலனைப் பார்வையிட வேண்டும், குழாய் 'டொக்' என்றால் இவளும் 'டொக்' என்பாள். அப்புறம் என் அளவு நாடாவை இழுத்துக்கொண்டு தபால் நிலையம் வரை போய் வழியில் இருக்கிற ஒவ்வொரு வேலிக் கம்பத்தையும் அளக்க வேண்டும். காகித ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த ஒரே உத்தியோகம் இது. வேறு யாரிடமும் இதை இப்படிச் சொல்ல மாட்டேன்.

தப்பு எங்கே நடந்தது என்றால், அக்டோபர் இரண்டாம் தேதி குழந்தையை மினசோட்டாவில் இருக்கும் தன் தாய் வீட்டுக்குக் கெல்சி கூட்டிப்போய்விட்டாள். தாடி வளர்ந்ததைக் குழந்தை பார்க்கவில்லை. பதினான்காம் தேதி திரும்பி வந்தபோது வாசலில் நின்று "யாரு வந்திருக்கா, என் அளவுக்காரி வந்திருக்காளா?" என்றேன். குரலைக் கேட்டுக் கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தவள் மூன்றடி தூரத்தில் நின்று, அண்ணாந்து பார்த்து, அலறினாள் பார், தெருக்கோடி நாய்கள் எல்லாம் பதில் சொல்லின.

"மாமா, அது உங்கள யாரோன்னு நெனச்சிடுச்சு. ஒரே ஒரு தடவ ஷேவ் பண்ணிட்டீங்கன்னா சரியாப் போயிடும்" என்றாள் கெல்சி.

"தாராளமா. நவம்பர் முப்பதாம் தேதி பண்றேன்."

"அப்பா, ஒங்க மொகவாய் எப்படி இருக்குன்னு மானுக்குத் தெரியவா போகுது?" என்றான் டேல்.

"மானப் பத்தி நீ பேசாதடா. நீ கடைசியாச் சுட்டது நம்ம தபால் பெட்டிய."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் கொதிகலனையே புத்தகம் பார்த்துப் பிரித்துக் கோத்தவன். நூலகத்தில் கழித்துப்போட்ட குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து படித்தேன். எந்த மாற்றத்தையும் குழந்தைக்குச் சிறிது சிறிதாகக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. சரி என்று சமையலறையை ஒட்டிய சாமான் அறைக்குள் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, கதவைக் கால் அங்குலம் திறந்து வைத்து, தினம் கால் அங்குலமாகக் கூட்டுவது என்று திட்டம் போட்டேன். அவள் கதவுக்கு வெளியே படப் புத்தகத்தோடு உட்காருவாள். நான் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே பசு என்ன சொல்லும் என்று கேட்பேன், அவள் சொல்வாள், வாத்து என்ன சொல்லும் என்று கேட்பேன், அதற்கும் பசு சொன்னதையே சொல்வாள், கதவுக்கு அடியில் எனக்கு பிஸ்கட் தள்ளிவிடுவாள். குரல் வேண்டும், முகம் வேண்டாம். மூன்றாம் நாள் அளவு நாடாவை வைத்துக் கணக்குப் போட்டேன். இந்த வேகத்தில் என் முழு முகமும் வெளியே வர டிசம்பர் ஆகிவிடும், அதற்குள் தாடியே இருக்காது. புத்தகம் எழுதியவனுக்குத் தாடி இல்லை என்று நினைக்கிறேன்.

அடுத்ததாக மூக்குக்குக் கீழே சிவப்புக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டேன். அது பலித்தது. இரண்டு நாள் சிரித்து விளையாடினாள். மூன்றாம் நாள் கொதிகலனுக்கு எண்ணெய் நிரப்ப வந்தவன் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான்: முகமூடி போட்ட ஒருவன் குழந்தைக்கு அவசர அவசரமாகக் கோட்டு மாட்டி வெளியே தூக்கிப்போகப் பார்க்கிறான். அவன் போன் பண்ணிவிட்டான். போலீஸ்காரன் வெய்ன் வந்து கதவைத் தட்டினான்.

"கையத் தூக்கு! அட, ரெய்னோ அண்ணே, நீங்களா? மூஞ்சில என்ன துணி?"

"தாடிய மறைச்சிருக்கேன். குழந்தை பயப்படுது."

"அப்ப தாடிய எடுத்துட வேண்டியதுதானே?"

"திருடனப் பிடிக்கத்தானே வந்தே? பிடிச்சாச்சுன்னா கெளம்பு."

அன்று சாயங்காலம் இரும்புக் கடைக்கு ஆணி வாங்கப் போனால், "எந்த பேங்க்குன்னு முடிவு பண்ணிட்டியா ரெய்னோ?" என்று கேட்கிறார்கள். கைக்குட்டையை அடுப்பில் போட்டேன்.

நீயும் உன் பங்குக்குப் போன வாரம் போனில், "எமிலோட கிறிஸ்துமஸ் தாத்தா தாடிய அனுப்பட்டுமாடா, குழந்தைக்குத் தாடி பழகட்டும்" என்று சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. பஞ்சுத் தாடியை ரப்பரில் காதோடு மாட்டிக்கொண்டு மளிகைக் கடை வாசலில் தர்மக் காசுக்காக மணி அடிப்பது ஓர் ஆண்பிள்ளைக்கு வெட்கக்கேடு என்று முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறேன், இப்போதும் சொல்கிறேன். அத்தானுக்கு இதைச் சத்தமாகப் படித்துக்காட்டு.

முகத்தை மறைக்காமலேயே இருந்துவிடுவது என்று முடிவுசெய்தேன். அதற்குப் பிறகு அந்தக் குழந்தை எனக்குச் செய்த அவமரியாதைகளை ஒவ்வொன்றாகக் கேள். பின்கட்டில் மேப்பிள் மரத்து இலைகளை வாரிக் குவித்தேன், அவள் இந்தத் தடவை அலறவில்லை, ஆனால் குவியலில் விழுந்து புரண்டுவிட்டு, சோர்ந்துபோய்க் குனிந்த என் முகத்தில் இலையைச் செருகினாள். தாடிக்குள், காம்போடு. ஒன்றில்லை, ஆறு. ஐம்பத்தாறு வருஷத் தாடியை அவள் குப்பைக் கூடையாக்கிவிட்டாள். ஹாலோவீனுக்குக் கெல்சி அவளுக்கு மான் வேஷம் போட்டாள், வாலோடு. ஆரஞ்சுத் தொப்பி போட்ட வேட்டைக்காரன் மான்குட்டியைக் கூட்டிக்கொண்டு வீடுவீடாகப் போனால் ஊர் சும்மா இருக்குமா? "பருவம் தொறக்கறதுக்குள்ளயே பிடிச்சிட்டியேய்யா!" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டார்கள். அவள் என் கையைப் பிடிக்கவில்லை. கோட்டு நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு எட்டு வீடு நடந்தாள், பாதி சப்பிய மிட்டாயை எல்லாம் என் பையில் போட்டாள். பை ஒட்டிப்போய்விட்டது, இன்னும் கை நுழையவில்லை.

மறுநாள் ஞாயிறு, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்கிற நாள். அரசாங்கம் தள்ளியது குழந்தைக்குத் தெரியாது, ஐந்து மணிக்கு விழிப்பவள் நான்கு மணிக்கு விழித்தாள். டேல் தூக்கிவந்து நாற்காலியில் உட்காரவைத்து, வளையம் வளையமாக இருக்கிற ஓட்ஸ் தானியத்தைத் தட்டில் கொட்டிவிட்டு மேசையில் தலைவைத்துத் தூங்கிப்போனான். நான் எதிரில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு எட்டி ஒரு வளையத்தைத் தாடியில் வைத்தாள். விழவில்லை. இன்னொன்று வைத்தாள். நான் அசையாமல் இருந்தேன், காபி ஆறிப்போனது, மொத்தம் பதினொன்று. என்னைக் குருவிக்குத் தீனி வைக்கிற பெட்டி என்று நினைத்துவிட்டாள். விழித்த டேல் படம் வேறு எடுத்தான்.

செவ்வாய்க்கிழமைதான் எல்லாம் கெட்டது. தோட்டத்திலிருந்து வந்து கண்ணாடி முன்னால் நின்று, அன்றைய இலைகளைச் சீப்பால் வாரிக் கீழே போட்டேன். பார்த்துக்கொண்டே நின்றவள் தரையில் விழுந்து கதறினாள். அந்த நேரம் பார்த்துக் கெல்சி உள்ளே நுழைந்தாள்.

"போதும் மாமா. மூணு வாரமா இதையேதான் பாக்கறேன். ஒங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா அழற குழந்தைய விட்டுட்டு நான் எப்படி வேலைக்குப் போறது?"

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் மெதுவாகச் சொன்னாள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே செய்ய வேண்டியவற்றை எழுதுகிறேன். கெல்சி நாளை பன்னிரண்டு மணிக்குள் காப்பகத்துக்குப் போன் செய்து இடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். டேல், தன் அப்பன் மேசையில் உட்கார்ந்து பெண்டாட்டி சொன்னதையே தானும் சொன்னதற்காக, ஜன்னல்களுக்கெல்லாம் குளிர்காலக் கண்ணாடியைத் தனியாக மாட்ட வேண்டும். வெய்ன் ஊரில் சொன்னதை ஊரிலேயே மறுத்துச் சொல்ல வேண்டும். நீ இந்தக் கடிதம் கண்டதும் கெல்சியைக் கூப்பிட்டு, நம் குடும்பத்தில் தாடியை எடுக்கச் சொன்னவர்கள் யாரும் இல்லை என்று எடுத்துச் சொல்ல வேண்டும். நீ சொன்னால் அவள் கேட்பாள். சைமா, எப்போது முடிகிறதோ அப்போது, பழகிக்கொள்ள வேண்டும். நான் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம், முழங்காலுக்கு என் விசாரிப்பு. கர்த்தர் உங்கள் இருவரையும் வழுக்குப் பனியில் விழாமல் காப்பாராக.

உன் தம்பி,
ரெய்னோ

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை. மேலே எழுதிய எதையும் யாரும் செய்ய வேண்டாம். ஐந்து மணிக்கு இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடக் கிளம்பினேன். வாசலில் என் பூட்ஸுக்குப் பக்கத்தில் அவளுடைய பூட்ஸ் இருந்தது, ஒவ்வொன்றும் என் உள்ளங்கை நீளம். திங்கட்கிழமை முதல் காலை ஆறரைக்கே அதுவும் கிளம்பிவிடும் என்று தோன்றியது. அவ்வளவுதான். சவுனா அலமாரியைத் திறந்தேன். ஐம்பத்தாறு வருஷம் பத்து நிமிஷத்தில் வடிகாலில் போய்விட்டது. ஆறு மணிக்கு டேல் அவளைத் தூக்கிவந்தான். கையில் ஒரு காய்ந்த மேப்பிள் இலை வைத்திருந்தாள். என் மழித்த முகத்தைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள், உதடு பிதுங்கியது, அலறினாள் பார் அக்கா, அக்டோபர் அலறல் இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. டேலின் கையிலிருந்து வழுக்கி இறங்கி ஓடிப்போய்ச் சாமான் அறைக் கதவை இரண்டு கையாலும் அடித்து, "தாத்தா! தாத்தா!" என்று கூப்பிட்டாள். தாடிக்காரனை வெளியே வரச் சொல்கிறாள். நான் அவள் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். கெல்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மாமா, செவ்வாக்கெழம அது ஒங்களப் பாத்து அழலியா? இலைய எடுத்துட்டீங்கன்னுதான் அழுதுச்சா?" என்றாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. காப்பகம் திறந்ததும் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

எனவே செய்ய வேண்டியவை மாறிவிட்டன. டேல், பதினைந்தாம் தேதி வேட்டைப் பருவம் திறக்கிற வரை வேட்டைக் கூடாரத்து ஆட்கள் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. கெல்சி அந்த இலையை எறியாமல் பத்திரமாக வைக்க வேண்டும். நீ, அத்தானின் கிறிஸ்துமஸ் தாத்தா தாடியை, இருப்பதிலேயே வேகமான தபாலில், ரப்பரோடு, இன்றே அனுப்ப வேண்டும். அதைப் பற்றி நான் எழுதிய பத்தியை அவருக்குப் படித்துக்காட்டாதே. நான், அது வரும்வரை, உட்கார்ந்திருக்க வேண்டும். சாமான் அறைக்குள் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கதவு கால் அங்குலம் திறந்திருக்கிறது. இப்போதுதான் அடியில் ஒரு பிஸ்கட் வந்தது.