தண்ணீருக்குள் இருக்கும் யானைகள்

பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவர்களை முழுவதுமாக நம்பிவிடக் கூடாது. தவறான முடிவையும் அவர்கள் பொறுமையாகவே எடுப்பார்கள். எடுத்தபின் அதே பொறுமையோடு அதன்மேல் உட்கார்ந்தும் இருப்பார்கள். என்னை வைத்துத்தான் சொல்கிறேன்.

என் கணவர் எதையும் கேட்டு வாங்கியவர் அல்லர். (குழம்பில் உப்பு இல்லை என்றால்கூட ஊறுகாயைப் பார்த்துச் சிரிப்பாரே தவிர, வாய் திறக்க மாட்டார்.) பணி ஓய்வு பெற்ற அன்று முதன்முறையாக ஒன்று கேட்டார். "சங்கிலி போடாத யானைகளக் கூட்டமாப் பாக்கணும், டீச்சரம்மா. ஒரு தடவ போதும்."

மகள் இலங்கைக்கு விமானச் சீட்டு எடுத்துத் தருவதாகச் சொன்னாள். எந்தக் காடு, எந்த மாதம் என்று தீர்மானிப்பது என் பொறுப்பாயிற்று. முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவளாயிற்றே!

மூன்று வாரம் படித்தேன். சிறுத்தைக்கு யால, அமைதிக்கு வில்பத்து, எந்த மாதமும் யானைக்கு உடவளவை என்று நோட்டில் கட்டம் போட்டேன். கடைசியில் மின்னேரியாவைத் தேர்ந்தேன். பழங்கால மன்னன் ஒருவன் கட்டிய பெருங்குளம். அதன் கரையில் யானைகள் கூட்டம் கூட்டமாக வரும் என்று எழுதியிருந்தது. ஆடி, ஆவணியை ஒட்டிய மாதங்களில் வரும் என்றும் எழுதியிருந்தது. அந்த வரியை மட்டும் நான் திருத்தினேன். வெயில் காயும் மாதத்தில் குளத்தில் ஏது தண்ணீர்? ஆத்தூர் அணை நிரம்பிவிட்டது என்றால், எங்கள் திண்டுக்கல்லில் சோற்றைக் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் பார்க்கப் போவோம். மனிதர்களே நிறைந்த நீரைத் தேடிப் போகும்போது, யானை வற்றிய குளத்துக்கா போகும்? மார்கழி என்று முடிவு செய்தேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு புறப்பட்டோம். செம்பட்டியிலிருந்து என் நாத்தனார் லூர்தும் சேர்ந்துகொண்டார். (அவரை யாரும் அழைக்கவில்லை. அழைப்பு அவருக்கு எப்போதும் தேவைப்பட்டதில்லை.)

காட்டின் வாசலில் ஜீப் ஓட்டுநர் நசீர் பணிவாகச் சொன்னார். "அம்மா, இப்ப குளம் நிரம்பிக் கிடக்கு. யானையெல்லாம் பக்கத்துக் காட்டுக்குப் போயிட்டுது. அங்க போவமா?"

பேருந்தை விட்டு இறங்கியதும் பையைப் பிடித்துக்கொண்டு, "அந்த லாட்ஜ் மூடியாச்சு, இங்க வாங்க" என்று இழுக்கும் தரகர்களே என் நினைவுக்கு வந்தார்கள்.

"தம்பி, நாங்க படிச்சிட்டுத்தான் வந்திருக்கோம்," என்றேன்.

அவர் என் நோட்டைப் பார்த்தார், என் கண்ணாடியைப் பார்த்தார், வண்டியைக் கிளப்பினார்.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர். மரங்கள் கழுத்தளவு நீரில் நின்றன. ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. யானை இல்லை.

"செத்த நேரம் பொறுப்போம்," என்றேன்.

மூன்று மணி நேரம் பொறுத்தோம்.

"ஏன் டீச்சரு, யானை குளிச்சிட்டுத் தல தொவட்டிக்கிட்டு வருமாக்கும்?" என்றார் லூர்து. சற்றுப் பொறுத்து, "அந்தக் காக்காவத்தான் யானைன்னு எழுதிருந்தாகளா, நல்லாப் படிச்சியா?" என்றார்.

வேறு வழியின்றி நசீரிடம் காரணம் கேட்டேன்.

"தண்ணி வத்தினாத்தான் அம்மா, கரையில இளம்புல்லு முளைக்கும். அந்தப் புல்லுக்குத்தான் அதுகள் வாறது. இப்ப புல்லெல்லாம் தண்ணிக்குக் கீழ."

"அப்ப, அந்தப் பக்கத்துக் காட்டுக்கு..."

"இனி ஏலாது அம்மா. மூடுற நேரம்."

மறுநாள் காலை எங்களுக்கு விமானம். ஒரு மனிதரின் ஒரே விருப்பத்தை, ஒரே ஒரு வரியைத் திருத்திக் கெடுத்திருந்தேன். திரும்பி அவர் முகத்தைப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை.

அவர் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். சித்தையன்கோட்டைப் பக்கம், மழைக்கு அண்ணாந்து பார்த்தே வயதான குடும்பத்தில் பிறந்தவர்.

"இம்புட்டுத் தண்ணி..." என்றார் மெதுவாக. "அக்கா, கரையே தெரியல பாரு."

லூர்தும் கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கரையைத் தேடினார். என் கணவர் ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

அது எனக்கான ஆறுதலா, உண்மையான நிறைவா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. (கேட்டால் சிரிக்கிறார். ஊறுகாயைப் பார்த்த அதே சிரிப்பு.)

ஆத்தூர் அணை நிரம்பும்போதெல்லாம் லூர்து தவறாமல் தொலைபேசியில் அழைக்கிறார். "டீச்சரு, டேம் நெறஞ்சிருச்சாம். வெரசா வா, யானை வந்துரும்!"

அந்தப் படம் பெரிதாக்கப்பட்டு, எங்கள் கூடத்தில் தொங்குகிறது. வெறும் தண்ணீர்.

"எங்கண்ணே யானை?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.

"தண்ணிக்குள்ள இருக்கு. எங்க டீச்சரம்மா படிச்சிட்டுத்தான் சொன்னாக. நல்லா உத்துப் பாருங்க," என்பார் இவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அவர்களும் எழுந்துபோய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறார்கள். சில நாட்களில், யாரும் இல்லாதபோது, நானும்.