கப்பல் படிப்பும் இரண்டு கடைவாய்ப் பற்களும்

மாட்டுத் தரகர் வீட்டில் பிறந்தவர்களுக்குப் பல் என்பது சொந்த விஷயம் கிடையாது. எங்கள் அப்பா தியாகதுருகம் சுற்றுவட்டாரச் சந்தைகளில் இருபத்தைந்து வருடமாக மாடு பிடித்துக் கொடுக்கிறவர். ஒரு மாட்டின் மேல் உள்ள மயிர்ச்சுழியையும் உதட்டை மடக்கிப் பல்லையும் பார்த்தால் போதும், அதன் ராசியையும் வயதையும் அதை விற்க வந்தவனின் நாணயத்தையும் சேர்த்தே சொல்லிவிடுவார். பழக்கதோஷத்தில் மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பார். எனக்கு ஏழு வயதில் முன்பல் விழுந்து புதிது முளைத்தபோது, "எம் பொண்ணு ரெண்டு பல்லு போட்டுடுச்சி" என்று சொல்லி டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

இன்று நான் ஒரு சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் சமையல்காரர் சாம்பாரைச் சுவரிலிருந்து வழித்தெடுத்த நாட்களில்கூட மேல்தளத்தில் நின்று திசை பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒரு உண்மையை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். இந்தக் கடல் வாழ்க்கை, ஒரு ஊசிக்குப் பயந்து கிட்டத்தட்ட கள்ளக்குறிச்சியிலேயே முடிந்திருக்கும்.

பிளஸ் டூ முடித்ததும் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கடல்சார் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்கவே இரண்டு பஸ் மாற வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் கப்பல் ஓட்டப் போகிறாள் என்றால் சும்மாவா? தெருவில் நடந்தாலே, "இன்னா கப்பல், எப்பக் கெளம்புற?" என்று கேட்பார்கள். நானும் கேப்டன் மாதிரியே தலையை ஆட்டிவிட்டுப் போவேன். (அதுவரை நான் ஏறியிருந்த ஒரே நீர்வழி வாகனம், பொருட்காட்சியில் வட்டத்தொட்டிக்குள் சுற்றிய மிதி படகு.)

சேர்க்கைக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. சேரும் நாளன்று மருத்துவப் பரிசோதனை நடக்கும், பல் சிகிச்சை ஏதும் தேவைப்பட்டால் முடித்துவிட்டு வரவும். அதற்கு மூன்று வாரம் இருந்தது. அப்பா என்னைக் கள்ளக்குறிச்சியில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். அவர் எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் ஞானப்பற்கள் நிமிர்ந்து நிற்காமல் படுத்தபடி பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருந்தன.

"இப்ப வலி இல்ல. வரலாம், வராமயும் போகலாம். ஊர்ல இருக்கிறவங்கன்னா வந்தா பாத்துக்கலாம்னு சொல்வேன். கடலுக்குப் போற பொண்ணு, அங்க பல் டாக்டர் கிடையாது. எடுக்கிறதுன்னா இந்த வாரமே எடுத்துடுங்க. வீக்கம் வத்த டைம் வேணும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

யோசிச்சுச் சொல்லுங்க என்று எங்கள் வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது. அன்று சாயங்காலமே பெரியப்பா வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் வாலிபத்தில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது போனவர், போன வேகத்தில் திரும்பியும் வந்தவர். பல் குறைந்ததால்தான் தன்னைத் திருப்பி அனுப்பினார்கள் என்பது அவர் கட்சி. (ஓட்டத்தில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார் என்பது பெரியம்மா கட்சி.)

"டேய், அங்க எண்ணுவாங்கடா. வாய்க்குள்ள பேட்டரி லைட்டு அடிச்சி ஒன்னொன்னா எண்ணுவான். ஒரு பல்லு கம்மியா இருந்தாலும் வூட்டுக்குப் போன்னுடுவான். உம் பொண்ணு ரெண்டப் புடுங்கிக்கினு போவுமா?"

அப்பாவுக்கு இது நியாயமாகப் பட்டது. சந்தையில் பல் போன மாட்டைப் பாதி விலைக்குக்கூடக் கேட்க மாட்டார்கள். அம்மா மட்டும், "டாக்டரு படிச்சவங்க, அவுங்க சொல்றதக் கேளுங்க" என்று அடுப்படியிலிருந்து இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் யார் காதிலும் விழவில்லை.

நான் என்ன சொன்னேன்? "பெரியப்பா சொல்றதுதான் சரி" என்றேன். என் வாழ்நாளில் பெரியப்பா பேச்சை நான் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் முறை. காரணம் வேறொன்றுமில்லை, ஊசி. தாடைக்குள் ஊசி போடுவார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து கள்ளக்குறிச்சி பஸ்ஸைப் பார்த்தாலே நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஊருக்கு முன்னால் கப்பல்காரி, ஊசிக்கு முன்னால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. இப்படியே இரண்டு வாரம் ஓடிப்போனது.

அப்புறம்தான் கல்வராயன் மலைக்குப் போனோம். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஒரு ஜோடி எருது கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். "கப்பலுக்குப் போய்ட்டா மலையப் பாக்க முடியாது, நீயும் வா" என்று அப்பா என்னையும் கூட்டிப் போனார். அந்த வீட்டு அம்மா பாசமாகச் சுட்ட மக்காச்சோளம் கொடுத்தார். இரண்டாவது கடியில் இடது கடைவாயில் சுரீர் என்றது. அரை மணி நேரத்தில் காது, கழுத்து, தலை என்று அந்தப் பக்கம் முழுக்க வலி ஏறிவிட்டது. மணி இரண்டு. கீழே போகிற பஸ் ஐந்து மணிக்கு.

அந்த அம்மா கிராம்பு கொடுத்தார். உப்புத் தண்ணீர் கொடுத்தார். அப்பா என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "மாடா இருந்தா எதையாச்சும் தடவியிருப்பன். உனக்கு இன்னா செய்யறதுன்னே தெரியலையே பாப்பா" என்றார். எந்த மாட்டு வைத்தியத்துக்கும் கலங்காதவர், அன்று கண் கலங்கியதைப் பார்த்தேன்.

பஸ் வந்தது. மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் தாடை தனியாக ஒரு முறை திரும்பியது. பாதி இறங்கியபோது, துப்பட்டாவைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு சொன்னேன்.

"அப்பா, புடுங்கிடலாம்."

"பெரியப்பா எண்ணுவாங்கன்னு சொல்றாரே?"

"எண்ணட்டும். மலையில மூணு மணி நேரம் தாங்க முடியல. நடுக்கடல்ல எந்த பஸ்ஸுப்பா வரும்?"

ஊசிப் பயம் அப்போதும் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் நானாக எடுத்த முதல் முடிவு அது. அதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு.

டாக்டரம்மா எங்களைப் பார்த்ததும், "ரெண்டு வாரம் யோசிச்சீங்களா?" என்றார். வலி அடங்க முதலில் மாத்திரை கொடுத்து, கல்லூரியில் சேர நான்கே நாள் இருக்கும்போது இரண்டு பற்களையும் எடுத்தார். நாற்காலியில் சாய்ந்ததும் நான் "அம்மா" என்று அலறினேன். "இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்மா, லைட்டுதான் போட்டேன்" என்றார். எல்லாம் முடிந்தபின், தட்டில் கிடந்த பற்களை அப்பா கேட்டு வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். "எதுக்குங்க?" என்று கேட்டதற்கு, "இருக்கட்டுங்க" என்று மட்டும் சொன்னார். எனக்குக் கேட்க வாய் இல்லை.

மறுநாள் கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு சாத்துக்குடி. வாய் ஒரு விரல்கூட உள்ளே போகாத அளவுக்கு இறுகிவிட்டது. வந்து பார்த்த பெரியப்பா, "பரவால்ல, பல்லு கம்மின்னு எவனும் சொல்ல மாட்டான். மொகமே ஜாஸ்தியாயிடுச்சி" என்று ஆறுதல் சொன்னார். போகிற போக்கில் இன்னொரு யோசனையும் சொல்லிவிட்டுப் போனார். டாக்டரம்மா கொடுத்த சீட்டை எடுத்துப் போனால் நாமாகவே காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமாம். அதனால் அந்தச் சீட்டு வீட்டு பீரோவிலேயே தங்கிவிட்டது.

சேரும் நாள். வெள்ளைச் சட்டையில் பையன்கள் நீண்ட வரிசையாக நின்றார்கள், பெண்கள் நாங்கள் மூன்று பேர். பெற்றோர்கள் எல்லாம் வெளி வராந்தாவில். பரிசோதனை செய்த டாக்டர் நரைத்த மீசைக்காரர். கண், காது, உயரம் எல்லாம் சரி. "வாயைத் திறம்மா" என்றார். திறந்தேன். "திறம்மா" என்றார். திறந்துகொண்டுதான் இருந்தேன்.

"இது என்ன வீக்கம்? சர்டிபிகேட் இருக்கா?"

"ம்ம்ம்" என்றேன். இல்லை என்பதற்கும் இருக்கிறது என்பதற்கும் அன்று எனக்கு ஒரே சத்தம்தான் வந்தது.

அவர் பேனாவைத் திறந்தார். "தாடையில என்ன பிரச்சினைன்னு தெரியாம நான் தகுதின்னு எழுத முடியாது. அடுத்த பேட்ச்ல பாருங்க."

அடுத்த பேட்ச் என்றால் ஒரு வருடம். அதற்குள் எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் வராந்தாவில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, காவலாளியைத் தாண்டி, தோளில் துண்டோடு உள்ளே வந்தார். கைக்குட்டையைப் பிரித்து மேசைமேல் வைத்தார்.

"சார், கம்மியா இருக்குதேன்னு எழுதிடாதீங்க. ரெண்டும் இங்க இருக்குது. மிச்சம் அத்தனையும் அது வாய்க்குள்ள இருக்குது. எண்ணிக்குங்க சார்."

வரிசையில் நின்றவர்கள் மேசையை எட்டிப் பார்த்தார்கள். அத்தோடு விட்டிருந்தால் மானம் பாதியாவது மிஞ்சியிருக்கும். ஆனால் அப்பாவுக்கு வியாபாரம் முறிகிற மாதிரித் தெரிந்தால் வாய் தானாக ஓட ஆரம்பித்துவிடும்.

"நல்ல எடம் சார். சுழி சுத்தம். சாதுவா இருக்கும், ஒதைக்காது. தீனி கம்மி, வேல ஜாஸ்தி. எந்த வண்டியில கட்டினாலும் இழுக்கும் சார்!"

(நான் பெண் என்பதும், விற்பனைக்கு இல்லை என்பதும், அது கப்பல் என்பதும் அந்த நிமிடம் அவருக்கு நினைவில் இல்லை.) எனக்குப் பின்னால் நின்ற பையன்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று பார்த்தேன், சிமெண்ட் தரை.

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு பல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஞானப்பல்லா? வேர் முழுசா வந்திருக்கு. ஏம்மா, கடைசி நேரத்துல எதுக்கு எடுத்தே?" என்று என்னிடம் கேட்டு ஒரு தாளை நீட்டினார்.

எழுதினேன். "மலையில் வலித்தது. டாக்டர் இல்லை. கடலில் வலித்தால் கப்பலுக்குத் தொந்தரவு. அதனால் எடுத்துவிட்டேன். பயமாக இருந்தது, ஆனாலும் எடுத்துவிட்டேன்."

அவர் அதை இரண்டு முறை படித்தார். அப்பாவிடம் நம்பர் வாங்கி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுப் பேசினார். பிறகு பேனாவை எடுத்து, வகுப்பில் சேரலாம், பத்து நாள் கழித்து மறுபரிசோதனை என்று எழுதினார். கைக்குட்டையைத் தானே மடித்து அப்பாவிடம் கொடுத்து, "எண்ணிக்கை சரியா இருக்குங்க. எடுத்துட்டுப் போங்க" என்றார். அப்பா அவருக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டார்.

பத்து நாளில் வாய் மூன்று விரல் திறந்தது. அதற்குள் கல்லூரி முழுக்க எனக்கு 'சுழி சுத்தம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதல் வருடம் அந்தப் பேரைக் கேட்டாலே அழுகை வரும். அப்புறம் ஒரு கப்பலில், எங்கள் தலைமைப் பொறியாளர் ஞானப்பல் வலியோடு கரை காண ஒன்பது நாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்தேன். அன்றைக்கு அப்பாவை நினைத்துக்கொண்டேன். அத்தனை பேர் சிரிக்கும் இடத்தில், காவலாளியைத் தள்ளிக்கொண்டு வந்து தன் பெண்ணுக்காகப் பேச எத்தனை அப்பாக்களுக்குத் துணிச்சல் வரும்? அன்று கூனிக் குறுகிய நான், இன்று கப்பலில் யார் புதிதாக வந்தாலும் முதலில் இந்தக் கதையைத்தான் பெருமையாகச் சொல்கிறேன்.

வீட்டில் கேட்கவே வேண்டாம். எனக்கு வரன் பேச வந்த நாளில், பெண் குணம் எப்படி என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்க, அப்பா தொண்டையைக் கனைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா, பெரியப்பா, பெரியம்மா மூவரும் ஒரே குரலில், "ஒதைக்காது!" என்று சொல்லிவிட்டுச் சிரியோ சிரி என்று சிரித்தார்கள். காரணம் கேட்ட மாப்பிள்ளைக்கு முழுக் கதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அதைக் கேட்டபிறகும் அவர் சம்மதித்தார்.

கல்யாணமான மூன்றாவது மாதம் எங்களுக்குள் முதல் சண்டை. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டார்கள். என் கணவர் மெதுவாக எழுந்துபோய் அப்பாவுக்குப் போன் போட்டு, "மாமா, ஒதைக்காதுன்னு சொன்னீங்களே?" என்று கேட்டார்.

அப்பா ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை.

"அது அப்ப, மாப்ள. இப்ப அது ஆபீசரு. ஒதச்சா வாங்கிக்குங்க."