கம்பு பிடித்தவர்களுக்கு ஒரு நன்றி விழா

நன்றி சொல்வதற்கென்றே தனிக் குழு அமைத்த ஊர் உலகிலேயே எங்கள் நீடாமங்கலம் ஒன்றுதான் என்பதை மிகுந்த அடக்கத்துடன் அறிவிக்கிறேன். அக்குழுவின் செயலாளர் அடியேன்.

போன மாதம் நெல் களத்தில் திரை கட்டி, பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டோம். விழாவுக்கு 'மலரும் நினைவுகள்' என்று பெயர். வயல் காற்று சும்மா இருக்குமா? எழுத்து ஓடும்போதே திரையின் மூங்கில் கம்புகள் ஆடத் தொடங்கின. அங்கன்வாடி ராமாயி ஒரு கம்பையும் சைக்கிள் கடை அப்துல் மஜீது மறு கம்பையும் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். 'வணக்கம்' போடும்வரை விடவில்லை. ஊரே அழுது, சிரித்து, மூக்கைச் சிந்தியது.

"படம் எப்படிங்க?" என்று மஜீதிடம் கேட்டேன்.

"வசனம் அருமைங்க. கதாநாயகன் மூஞ்சிதான் தெரியல. நான் வயலைப் பார்த்துல்ல நின்னேன்!"

இத்தியாகம் குழுவை உலுக்கியது. தலைவர் வைத்தியலிங்கம் அவசரக் கூட்டம் கூட்டினார். இருவருக்கும் பொன்னாடை போர்த்துவதென்று 'ஏகமனதாக' முடிவாயிற்று.

விழா அதே களத்தில்தான். மேடைக்குப் பின்னால் பிரம்மாண்டமான பேனர்: 'தன்னார்வலர்களே, உங்களை வணங்குகிறோம்!' நடுவில் கும்பிட்டபடி தலைவர். தன்னார்வலர்களின் படத்துக்கு இடம் போதவில்லை. காற்றும் வந்தது. பேனர் படபடத்தது.

"ராமாயி, கொஞ்சம் பிடிச்சுக்கம்மா. உனக்குப் பழக்கந்தானே?" என்றார் தலைவர்.

"எங்களுக்குத்தானேங்க விழா?"

"அதனாலதாம்மா உரிமையோட கேக்குறேன்."

இருவரும் பேனருக்குப் பின்னால் போனார்கள். தலைவர் மைக்கைப் பிடித்தார். "இவர்கள் இந்த ஊரின் தூண்கள்!" என்று முழங்கினார்.

"அண்ணே, கை கடுக்குது, சீக்கிரம் முடிங்க" என்று பின்னாலிருந்து மஜீதின் குரல் கேட்டது.

"கேட்டீர்களா? எங்கள் தூண்கள் பேசவும் செய்யும்!" என்றார் தலைவர், கண்கலங்கி.

பொன்னாடை நேரம் வந்தது. பெயர்களைக் கம்பீரமாக வாசித்தேன். மேடையில் ஆளில்லை.

"கூப்பிடட்டுங்களா?" என்று தலைவரின் காதில் கேட்டேன்.

"கூப்பிட்டா பேனர் விழுந்துரும்யா. அதுல நான் இருக்கேன்."

ஆகவே, விழா மரபைக் காக்கும் பொருட்டு, ராமாயியின் 'சார்பில்' தலைவரும் மஜீதின் 'சார்பில்' நானும் பொன்னாடை ஏற்றோம். எனக்கு அந்த நிறம் எடுப்பாகவே இருந்தது.

பேனர் ஓரமாக ராமாயியின் தலை எட்டிப் பார்த்தது.

"அது யாருக்குங்க போத்துனது?"

"உங்களுக்குத்தாம்மா. உங்க சார்புல நாங்க வாங்கிக்கிட்டோம்."

"அப்படியா? அப்ப எங்க சார்புல இதையும் நீங்களே பிடிச்சுக்குங்க. பாய், விடுங்க!"

விட்டார்கள். கம்பு, கயிறு, கும்பிட்ட தலைவர் எல்லாம் சேர்ந்து எங்கள் மேல் விழுந்தன. உள்ளே ஒரே இருட்டு. வெளியே களம் அதிரக் கைதட்டல்.

"செயலாளரே, யாருக்குய்யா இந்தத் தட்டு தட்டுறாங்க?" என்று என் முழங்காலுக்கருகில் தலைவர் முனகினார்.

எனக்கென்னவோ சந்தேகமே இல்லை. 'தன்னார்வம்' என்ற சொல்லை அங்கே படுத்தபடியேதான் பிரித்துப் பார்த்தேன். ஆர்வம் முழுக்க அவர்களுடையது. எங்களுடையது அந்தத் 'தன்' மட்டுந்தான்.