பாஞ்சாலி பள்ளிக்கூடம் போகிற விஷயமாக மச்சானுக்கு எழுதியது

ஒலக்கூர்
24-10-1959, சனிக்கிழமை

மகாராஜராஜஸ்ரீ மச்சான் விருத்தாசலம் அவர்கள் சமூகத்துக்கு, தங்கை புருஷன் அரங்கநாதன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தங்கள் தங்கை லட்சுமியும் குழந்தை பாஞ்சாலியும் சுகம். அவ்விடம் விழுப்புரத்தில் தாங்களும் பொன்னி அக்காவும், தங்களோடு ரயில் எஞ்சினில் வேலை பார்க்கும் சிநேகிதர்களும் சுகமாயிருக்க வேண்டும். குழந்தை சுகம் என்ற வார்த்தையை இன்றைக்குத்தான் என்னால் எழுத முடிகிறது. ஆகையால் இந்தக் கடிதத்தைக் கடைசி வரை உட்கார்ந்தபடியே படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பாதியில் எழுந்து சட்டையை மாட்டக் கூடாது.

பெண்ணைப் படிக்க வைத்தே தீர வேண்டும் என்று தாங்கள் பிடித்த பிடியில்தான் அவளைத் திண்டிவனத்தில் மூன்றாம் பாரத்தில் சேர்த்தோம். காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்புகிறாள். போன மாதத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அடுப்படிக்கு ஓடிப் பானையைத் துழாவ ஆரம்பித்தாள். வளர்கிற பிள்ளை, பசிக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். பிறகு ஒருநாள் ஜாக்கெட்டின் முதுகெல்லாம் மைக்கறையோடு வந்தாள். தவறிக் கொட்டிவிட்டது என்றாள். பதவிசாக இருக்கத் தெரியாதா என்று நான் அரை மணி நேரம் புத்தி சொன்னேன். தங்கள் தங்கை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முதுகுல எப்பிடிய்யா தவறிக் கொட்டும்? எங்க, நீ கொட்டிக்கினு காட்டு" என்றாள். எப்போதும் 'ங்க' போட்டுப் பேசுகிறவள் அதை விட்டுவிட்டால் நிலைமை என்ன என்று தங்களுக்குத் தெரியும்.

அந்த ஜாக்கெட்டைக் கிணற்றடியில் கசக்கும்போதுதான் குழந்தை தாயிடம் வாயைத் திறந்தாள். அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஐந்தாம் பாரத்தில் கோவிந்தம்மாள் என்று ஒருத்தி, கூடவே ஒரு கும்பல். மத்தியானம் இவள் தூக்குச் சட்டியைத் திறந்தால் கேப்பைக் களியை எடுத்துக் காக்காய்க்குப் போடுவார்களாம். பெயரைச் சொல்லி, "அஞ்சு புருஷங்காரி வர்றா, வழி வுடுங்கடி" என்பார்களாம். ரயிலில் உட்கார விடாமல் கதவோரம் நிற்க வைப்பார்களாம். இதைக் கேட்டு நான், "நீயும் ஒண்ணு திருப்பிக் குடுக்க வேண்டியதுதானே?" என்றேன். குழந்தை என்னைப் பார்த்தாள். "அவுங்க கும்பலா வர்றாங்கப்பா" என்றாள். அதற்கு மேல் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

அந்தக் கோவிந்தம்மாள் யார் தெரியுமா? வேர்க்கடலை மில்லுக்காரர் தாண்டவராயன் மகள். நம் மல்லாட்டையை வருஷா வருஷம் எடுக்கிற அதே தாண்டவராயன்தான். காட்டில் செடி பிடுங்கிக் காய் ஆய்ந்துகொண்டிருக்கும் நேரம் பார்த்து எனக்கு இப்படி ஒரு சோதனை. சரி, முறைப்படி பள்ளிக்கூடத்தில் சொல்வோம் என்று போனேன். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு பை பச்சை மல்லாட்டை எடுத்துக்கொண்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் சவுரியம்மாள் என்பவர் நல்ல உயரம், கண்ணாடி போட்டவர். "என்ன விஷயங்க?" என்று கேட்டார். வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனது அத்தனையும் பறந்துவிட்டது. "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேங்க" என்று பையை மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையை இங்கே எழுதவில்லை.

சரி, பள்ளிக்கூடம் வேண்டாம், ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை பேசி முடிப்போம் என்று மறுநாளே மில்லுக்குப் போனேன். மச்சான், மல்லாட்டை உடைக்கிற எந்திரம் ஓடும்போது நியாயம் பேசப் போகிறவன் என்னைப் போல ஒருவனாகத்தான் இருப்பான். "ஒங்க பொண்ணு எங்க பொண்ண ரொம்பப் படுத்துதுங்க!" என்று கத்தினேன். அவர் காதில் கை வைத்து, "என்னது, படிக்க வெக்குதா?" என்று திருப்பிக் கத்தினார். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்றுதான் ஆட்டினேன், அவருக்கு அது ஆமாம் என்று பட்டிருக்கிறது. "மத்தியானம் சாப்பாட்ட..." என்று ஆரம்பித்தேன். "சாப்பாடு வேற குடுக்குதா! எம் பொண்ணு அப்பிடித்தாம்பா, எளகின மனசு!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். எந்திரத்தை நிறுத்தினார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் காபி வந்துவிட்டது. குடித்துவிட்டு வந்தேன்.

அவர் வீட்டுக்குப் போய் மகளை நாலு பேர் முன்னால் புகழ்ந்திருக்கிறார். அவள் கெட்டிக்காரி, நான் எதற்கு வந்தேன் என்று உடனே புரிந்துகொண்டாள்.

முந்தாநாள் வியாழக்கிழமை சாயங்கால ரயில் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் இறங்கின. பாஞ்சாலி இறங்கவில்லை. கடைசிப் பெட்டி வரை ஓடிப் பார்த்தேன். வண்டி கிளம்பிப் போய்விட்டது. எங்கள் தெருப் பெண் அம்மணி, இரண்டாம் பாரம் படிக்கிறவள், என்னைப் பார்த்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "உடைஞ்ச பெஞ்சு போடுற ரூம்புல தள்ளிக் கதவ மூடிட்டாங்க மாமா. சொன்னா ஒன்னையும் போட்டுடுவோம்னாங்க" என்றாள். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. விஷயத்தைக் கேட்டதும் லட்சுமி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டிரங்கு ரோட்டுக்கு ஓடினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. எதிரே வாழைத்தார் லாரி ஒன்று வந்தது. நடுரோட்டில் போய் நின்றுவிட்டாள். டிரைவர் பிரேக்கைப் போட்டு, "ஏம்மா, சாவறதுக்கு எம் வண்டிதான் கெடச்சிதா?" என்றான். "எம் பொண்ண ரூம்புல போட்டு அடைச்சி வச்சிருக்காங்க. ஏத்திக்கினு ஜல்தியா போ" என்றாள். அவன் எங்களை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் வரை ஒரே மிதியாக மிதித்தான். நான் தார்களுக்கு நடுவில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன், ஒரு சாமி பெயரும் முழுசாக வரவில்லை.

பள்ளிக்கூடம் இருண்டு கிடந்தது. காவல்காரரைக் காணோம். ஹெட்மிஸ்ட்ரஸ் வீடு அடுத்த தெரு. விஷயம் கேட்டதும் செருப்புக்கூடப் போடாமல் சாவிக்கொத்தோடு ஓடி வந்தார். பின்கட்டில் அந்த அறை. உள்ளே சத்தமே இல்லை. "பாஞ்சாலி!" என்றேன். பதில் இல்லை. அந்த அம்மாள் ஒவ்வொரு சாவியாகத் தேட, எனக்குப் பொறுக்கவில்லை. தோளால் ஓங்கி ஒரு இடி இடித்தேன். தோள்தான் போயிற்று. பின்னால் போய் ஓடி வந்து இரண்டாவது இடி இடிக்கப் போன நேரம், லட்சுமி கதவைத் தடவிப் பார்த்து, பூட்டே இல்லை, தாழ்ப்பாளில் ஒரு குச்சிதான் செருகியிருக்கிறது என்று கண்டு அதை உருவிவிட்டாள். நான் கதவோடு உள்ளே போய் உடைந்த பெஞ்சுகளின் மேல் விழுந்தேன். முழங்காலில் ஆணி கிழித்தது. எழுந்து பார்த்தால் மூலையில் குழந்தை, பைக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கத்திக் கத்திக் குரலே போய்விட்டிருந்தது. "அப்பா, நான் ஒண்ணுமே பண்ணலப்பா" என்று காற்றாய்ச் சொன்னாள். இந்த இடத்தில் மை கலைந்திருக்கும், மன்னிக்கவும்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அந்தத் தூசியில் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். "நீ சொல்றத நான் நம்புறேன். எப்ப சொல்லணும்னு தோணுதோ அப்ப சொல்லு கண்ணு" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மல்லாட்டை கொண்டாந்த அன்னிக்கே நீங்க சொல்லியிருக்கலாமே" என்றார். நான் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று காலை எல்லாரையும் வரச் சொல்லியிருந்தார். முதலில் அம்மணியைத் தனியாக, அப்புறம் அந்தக் கும்பல் பெண்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு விசாரித்தார். கூட்டத்தில் வீரமாக இருந்தவர்கள் தனியாக வந்ததும் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார்கள். அதன் பிறகுதான் எங்களையும் தாண்டவராயனையும் ஒன்றாக உட்கார வைத்தார். அவர், "புள்ளைங்க வெளையாட்டுங்க, இத்த போயி..." என்று ஆரம்பித்தார். லட்சுமி, "வெளையாட்டுன்னா ரெண்டு புள்ளையும் சிரிக்கணுங்க. எங்குளுது சிரிக்கல" என்றாள். அவருக்கு அவமானம் தாங்காமல் கோவிந்தம்மாளை அடிக்கக் கை ஓங்கிவிட்டார். "இந்த எடத்துல யாரும் யாரையும் அடிக்கக் கூடாது. கைய எறக்குங்க" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் போட்ட சத்தத்தில் நான்கூடக் கையைக் கட்டிக்கொண்டேன்.

பிறகு பாஞ்சாலியிடம், "ஒனக்கு என்ன வேணும்னு நீ சொல்லு" என்றார். குழந்தை பைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, "எஞ் சாப்பாட்ட நான் சாப்புடணும். ரயில்ல குந்திக்கினு வரணும். அம்மணிய ஒண்ணும் செய்யக் கூடாது" என்றாள். அவ்வளவுதான். கோவிந்தம்மாள் தீபாவளி லீவு முடியும் வரை வர வேண்டாம், வந்த பிறகு மத்தியானச் சாப்பாடு ஹெட்மிஸ்ட்ரஸ் கண்முன்னால்தான் என்று உத்தரவு. அதே ரயிலில் வருகிற டீச்சர் ஒருவர் இனிப் பிள்ளைகள் பெட்டியிலேயே ஏறுவார். நான் வாரா வாரம் நேரில் வந்து விசாரித்துப் போக வேண்டும், கையில் பை இல்லாமல்.

வாசலில் தாண்டவராயன் என்னை நிறுத்தி, "இந்த வருஷம் ஒன் மல்லாட்டை எம் மில்லு வாசப்படி ஏறாது" என்றார். எனக்கு வேறு வியாபாரி கிடையாது. ஆனாலும், "இப்ப எந்திரம் ஓடலீங்க, நல்லா கேட்டுக்குங்க. எம் பொண்ணு பள்ளிக்கூடம் போவும்" என்று சொல்லிவிட்டேன். நான்தான் சொன்னேன், லட்சுமி சாட்சி. திரும்பி வருகிற வழியில் அவள் வேறு ஒன்றைச் சொன்னாள். "அவரு கைய ஓங்கினப்ப அந்தப் பொண்ணு ரெண்டு கையாலயும் தலைய எப்பிடி மூடிக்கிச்சி பாத்தீங்களா? அடி வாங்கிப் பழகின கைங்க அது." அதை ஹெட்மிஸ்ட்ரஸ் காதிலும் போட்டுவிட்டுத்தான் வந்தாளாம்.

ஆகவே மச்சான், காரியம் முறைப்படி முடிந்துவிட்டது. தங்கள் கோபம் எனக்குத் தெரியும். தயவுசெய்து தாங்கள் புறப்பட்டு வர வேண்டாம். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரவே வேண்டாம். விழுப்புரத்தில் நல்ல மல்லாட்டை வியாபாரி யாராவது இருந்தால் மட்டும் விசாரித்து எழுதவும். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிறேன் என்று குழந்தை தானாகவே சொன்னாள். தாங்களும் அக்காவும் நோய்நொடி இல்லாமல், வண்டி தடம் மாறாமல், நெடுங்காலம் இருக்க எங்கள் குலதெய்வம் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த,
அரங்கநாதன்

பின்குறிப்பு: இது பொன்னி அக்காவுக்கு. கடிதத்தை நீங்கள்தான் பிரிப்பீர்கள், ஏனென்றால் மச்சான் இங்கே இருக்கிறார். குழந்தையைக் காணோம் என்று வியாழக்கிழமையே லட்சுமி என்னிடம் சொல்லாமல் பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணு மூலம் தந்தி கொடுத்திருக்கிறாள். மச்சான் வண்டியோடு வெளியூர் போயிருந்ததால் இன்றைக்குத்தான் கையில் கிடைத்ததாம். நான் கையெழுத்துப் போடும்போது கரி அள்ளுகிற மண்வெட்டிகளோடு நாலு ஃபயர்மேன்களுக்கு முன்னால் வந்து நின்று, "எவடா அவ, எவன்டா அவ அப்பன்?" என்றார். தெருவே கூடிவிட்டது. நான் தடுத்தேன், லட்சுமி தடுத்தாள், கேட்கவில்லை. பாஞ்சாலிதான் வெளியே வந்து, "அது முடிஞ்சி போச்சி மாமா. என்னா நடந்துச்சின்னு நானே சொல்றேன், குந்துங்க" என்றாள். ஐந்து பேரும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினார்கள். எங்களிடம்கூடச் சொல்லாததையெல்லாம், கம்மிய குரலில், முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். உங்கள் வீட்டுக்காரர் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருக்கிறார். அழுகை நின்றதும் ரயிலேற்றி அனுப்பிவைக்கிறேன்.